பழைய சர்ஃப் பலகையில் மரம் ஒரு வழி, ஃபோம் ஒரு வழி
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1960-களில் செய்த லாங்போர்டு, அதாவது நீளமான சர்ஃப் பலகை, ஒன்று கிடைத்திருக்கிறது. மேல்பக்கத்தில் விரலால் குறுக்கே தடவினால் நடுவில் ஓடும் மரச்சட்டம், அதாவது ஸ்ட்ரிங்கர், மேடாகத் தட்டுகிறது. மரம் உப்பியதா, பலகைக்குள் இருக்கும் ஃபோம் சுருங்கியதா?

பதில்: எங்கெங்கே தட்டுகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. நேரான இரும்பு ஸ்கேலைக் குறுக்காக வைத்து, மூக்கிலிருந்து வால் வரை நகர்த்திப் பாருங்கள். கால் ஊன்றும் இடத்திலும் முட்டி போட்டுக் கையால் நீரைத் தள்ளும்போது அழுத்தும் இடத்திலும் மட்டும் ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தால், ஃபோம் அமுங்கியிருக்கிறது என்று அர்த்தம். பல வருட மிதியில் அதன் நுண்ணறைகள் நொறுங்கித் தாழ்ந்துவிட்டன. மரம் இருந்த உயரத்திலேயே நிற்கிறது. நொறுங்கிய அறை திரும்ப எழும்பாது. மேலே உள்ள ஃபைபர் கிளாஸ் விரிசல் விடாமலும் ஃபோமைவிட்டுப் பிரியாமலும் இருந்தால், அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

அடிப்பக்கத்திலும் மேடு இருந்தால் விஷயம் வேறு. அங்கே யாரும் மிதிப்பதில்லை. முழுதாக இறுகாத ஃபோமுக்கு அவசரப்பட்டு ஃபைபர் கிளாஸ் போட்டிருந்தால், அது பிறகு சற்றுச் சுருங்கி மரத்தை வெளியே காட்டும். அந்த மேடு தலையிலிருந்து வால் வரை ஒரே சீராக இருக்கும், பருவத்துக்குப் பருவம் மாறாது. மழைக்காலத்தில் கூடி, வெயிற்காலத்தில் குறைகிற மேடு என்றால் மரத்துக்குள் ஈரம் போய்வருகிறது.

மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது, குறுக்குவாக்கில்தான் உப்பும். 75 மி.மீ. ஆழமுள்ள பாஸ்வுட் சட்டத்தின் ஈரப்பதம் 8 சதவீதத்திலிருந்து 14-க்கு ஏறினால், ஆழம் ஏறத்தாழ ஒரு மி.மீ. முதல் ஒன்றரை மி.மீ. வரை கூடும். ரெட்வுட்டில் இதில் பாதிக்குச் சற்று மேல்தான் வரும். மேலும் கீழுமாகத் தள்ளும் இந்த அசைவைத்தான் கிளாஸ் தாங்க முடியாமல், ஸ்ட்ரிங்கரை ஒட்டியே மயிரிழை விரிசல் விடுகிறது. அந்த விரிசல் வழியே மறுபடி தண்ணீர் இறங்கும்.

கேள்வி: வால்பக்கம் அடியில் துருத்தி நிற்கும் ஃபின்னுக்கு அருகே தொடங்கி, ஸ்ட்ரிங்கரின் இருபக்கமும் பழுப்புக் கறை ஒன்றரை அடிக்கு ஓடியிருக்கிறது. மேலே கிளாஸ் போட்டு அடைத்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். பழைய பலகைகளைப் பாழாக்குவது இந்த அவசரம்தான். ஃபோமுக்குள் தண்ணீர் மெல்லத்தான் பரவும். மரமோ நாரின் வழியே நீளத்துக்கு உறிஞ்சிக்கொண்டு போகும். ஆகவே கறை முடியும் இடம் ஓட்டை அல்ல. ஃபின் அடிப்பாகம், மூக்கு, வால்முனை என்று மரத்தின் வெட்டுமுனை வெளியே எட்டிப்பார்க்கும் இடங்களைத் தேடுங்கள்.

கால் வழுக்காமல் இருக்கப் பூசிய மெழுகைச் சுரண்டி எடுத்து, ஓட்டையைச் சுற்றி உரிந்த கிளாஸை வெட்டி மரம் தெரியத் திறந்துவிடுங்கள். நல்ல தண்ணீரால் ஒருமுறை கழுவுங்கள். உள்ளே தங்கிய உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பிறகு ஓட்டை கீழ்நோக்கி இருக்கும்படி நிழலில், காற்றோட்டத்தில் நிறுத்துங்கள். வெயிலில் காயவைத்தால் உள்ளிருக்கும் காற்று விரிந்து கிளாஸைத் தூக்கிவிடும். வாரம் ஒருமுறை எடை போட்டுக் குறித்துவையுங்கள். அடுத்தடுத்த இரண்டு வாரம் எடை மாறாமல் நின்றால்தான் காய்ந்தது. இதற்குப் பல வாரங்கள் பிடிக்கும்.

ஊசியால் குத்திப் பாருங்கள். மரம் கெட்டியாக இருந்தால், வெட்டுமுனையில் நீர்த்த எபாக்ஸிப் பிசினைத் தடவி அது குடிக்கும்வரை கொடுங்கள். ஊசி மெத்தென்று இறங்கினால் அந்தப் பகுதி மக்கிவிட்டது. அதை வெட்டியெடுத்து, அதே மரத்தில், நார் அதே திசையில் ஓடும் துண்டை வைத்து ஒட்ட வேண்டும். இணைப்பைச் செங்குத்தாக வெட்டாமல், தடிமனைப் போல் எட்டு மடங்கு நீளத்துக்குச் சாய்வாக வெட்டினால்தான் வலு. பள்ளத்தை எபாக்ஸியில் மைக்ரோபலூன் (உள்ளே காலியான நுண் உருண்டைகள்) தூள் கலந்து நிரப்பி, உப்புத்தாள் தேய்த்து, மேலே இரண்டு அடுக்கு ஃபைபர் கிளாஸ் துணி போடுங்கள். பாலியெஸ்டர் ரெசின் ஈரம் மிச்சமிருக்கும் மரத்தில் ஒழுங்காகப் பிடிக்காது. அதனால்தான் மரத்தை ஒட்டிய வேலைக்கு எபாக்ஸி சொல்கிறோம்.

ரெட்வுட்டில் கறை பழுப்பாக இல்லாமல் கருப்பாக இருந்தால், மரத்தில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து உண்டானதாக இருக்கலாம். அதை ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் வெளுக்கும். கையுறை போட்டுச் செய்யுங்கள், பிறகு நன்றாகக் கழுவிக் காயவையுங்கள்.

கேள்வி: மஞ்சளாகிப்போன ஃபோமை வெள்ளையாக்க வழி உண்டா?

பதில்: இல்லை. பாலியூரிதேன் ஃபோம் வெளிச்சத்தில் உள்ள புற ஊதாக் கதிரால் தன் வேதியமைப்பிலேயே மாறுகிறது. மேலே உள்ள பாலியெஸ்டர் ரெசினும் சேர்ந்து மஞ்சளாகிறது. துடைத்தோ தேய்த்தோ போகாது. வெள்ளைப் பெயின்ட் அடித்தால் ஸ்ட்ரிங்கரும் அதன் நிறப் பசைக்கோடுகளும் மறைந்து, பழைய பலகையின் அழகே போய்விடும்.

ஒட்டுப்போடும்போதுதான் இந்த மஞ்சள் தொல்லை தரும். 1950-களின் கடைசியில் சர்ஃப் பலகை செய்த ஹோபி ஆல்டரும் அவருடன் வேலைசெய்த கோர்டன் கிளார்க்கும் கலிஃபோர்னியாவில் உருவாக்கிய ஃபோம் பால்சா மரத்தின் இடத்தைப் பிடித்தது. கிளார்க் பிறகு நடத்திய கிளார்க் ஃபோம் நிறுவனம் 2005 டிசம்பரில் மூடப்பட்டது. இன்று வாங்கும் ஃபோம் துண்டு பழையதன் பக்கத்தில் பளீரென்று தெரியும். ரெசினில் மஞ்சளும் ஒரு துளி பழுப்பும் கலந்து, சிறு துணுக்கில் இறுகவிட்டுப் பகலொளியில் ஒப்பிட்ட பிறகே பலகையில் போடுங்கள்.

கேள்வி: காரில் விட்டிருந்த பலகையின் மேல்பக்கம் கொப்புளமாக எழும்பிவிட்டது. சரிசெய்ய முடியுமா?

பதில்: உள்ளங்கை அளவு என்றால் முடியும். நாணயத்தால் தட்டிப் பாருங்கள். ஒலி உள்ளே காலியானதுபோல் மாறும் எல்லையைப் பென்சிலால் வரையுங்கள். எல்லைக்குள் 3 மி.மீ. துளைகளை எதிரெதிராகப் போட்டு, காய்ந்திருப்பதை உறுதிசெய்து, ஒரு துளையில் சிரிஞ்சால் எபாக்ஸியைச் செலுத்துங்கள். மற்றத் துளைகளில் அது எட்டிப்பார்க்கும்போது நிறுத்தி, பிளாஸ்டிக் தாள் விரித்து மேலே மணல்மூட்டை வையுங்கள். பலகையின் வளைவுக்கு மணல்தான் இசையும். தட்டையான கட்டையை வைத்தால் நடுவில் மட்டும் அழுத்தும். கொப்புளம் ஸ்ட்ரிங்கரைத் தாண்டி இருபுறமும் போயிருந்தால் ஊசி வைத்தியம் போதாது. கிளாஸை உரித்து மறுபடி போட வேண்டும்.

கேள்வி: வருடக்கணக்கில் வைத்திருக்க எப்படி வைப்பது?

பதில்: மெழுகை எடுத்துவிட்டு, படுக்கைவாக்கில், இருமுனையிலிருந்தும் நீளத்தில் நாலில் ஒரு பங்கு உள்ளே தள்ளி, மெத்தை சுற்றிய இரண்டு தாங்கிகளில். இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒன்று சாய்ந்திருந்தால் பலகை மெல்ல முறுக்கிக்கொள்ளும். கூரையை ஒட்டிய உயரத்தில் வேண்டாம், அங்கே சூடு அதிகம்.