கொம்பு ஏன் பின்னால் போகிறது? எழுத்துருக் கேள்விகளுக்குப் பதில்

ஞாயிறன்று குன்னூரில் நாம் கூடியபோது நான்கு மணிக்கே மழை பிடித்துக்கொண்டது, கரண்டும் போய்விட்டது. நீங்கள் கேள்வி எழுதிக் கொடுத்து நான் பதில் சொல்லாமல் விட்ட சீட்டுகள் கைப்பையோடு வீட்டுக்கு வந்துவிட்டன. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே புகார்தான்: மூலக் கோப்பில் தமிழ் நன்றாக இருக்கிறது, கையேடு தயாரிக்கும் மென்பொருள் கருவி உருவாக்கித் தரும் ஆவணத்தில் கெட்டுப்போகிறது. ஒரு வேண்டுகோள். "ஃபான்ட் சரியில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். கட்டம் தெரிகிறதா, கேள்விக்குறியா, கொம்பு இடம் மாறியதா என்று எழுதுங்கள். அதைப் பொறுத்துத்தான் வைத்தியம்.

கோத்தகிரி, தேயிலை ஃபேக்டரிகளுக்கு மென்பொருள் எழுதுபவர்:
அக்கா, ஸ்ஃபிங்க்ஸ் என்ற கையேடு உருவாக்கும் கருவியில் ஒரு கையேடு செய்கிறேன். இணையப் பக்கத்தில் நான் கேட்ட எழுத்துரு வருகிறது. பிடிஎஃப் எடுத்தால் தமிழ் இருக்க வேண்டிய இடம் காலி. பிடிஎஃப் ஆக்கும் எஞ்சினை ஸீலாடெக்குக்கு மாற்றினேன், வேறு ஏதோ எழுத்துரு வந்தது. நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவை நானே போட்டேன். இப்போது கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் நிற்கிறது.

மூன்று தனித்தனிக் கோளாறுகளை வரிசையாகத் தாண்டி வந்திருக்கிறீர்கள் தம்பி, பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இணையப் பக்கத்தின் எழுத்துருவை சிஎஸ்எஸ் என்னும் அலங்காரக் கோப்பு சொல்கிறது. பிடிஎஃப், லாடெக் என்னும் அச்சுக்கோக்கும் மென்பொருள் வழியாகப் போகிறது. சிஎஸ்எஸ்ஸில் நீங்கள் எழுதியது எதுவும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. ஸ்ஃபிங்க்ஸ் தானாக எடுக்கும் பிடிஎஃப்லாடெக் எஞ்சினுக்குத் தமிழ் தெரியாது, அதனால் காலி இடம். ஸீலாடெக்குக்கு மாற்றினால் அது தானாக எடுப்பது ஃப்ரீசெரிஃப், நீங்கள் பார்த்த "வேறு ஏதோ" அதுதான். அமைப்புக் கோப்பில் லாடெக் உறுப்புகளுக்குள் எழுத்துருவுக்கென்று தனி இடம் இருக்கிறது, அங்கே நோட்டோவைப் போட்டது சரி.

மிச்சம் கொம்பு. "தேயிலை" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடு என்ற பொதுக் குறியாக்கத்தில் முதலில் த, அதன் பிறகுதான் இரட்டைக் கொம்பு சேமிக்கப்படுகிறது. லையிலும் ல முதலில், ஐகாரக் கொம்பு பின்னால். வரையும்போது அதை முன்னே இழுத்து வைப்பது எழுத்தைக் கோக்கும் எஞ்சினின் வேலை. இது தமிழ் என்று சொல்லாவிட்டால் அது சேமித்த வரிசையிலேயே வரைந்துவிட்டுப் போய்விடும். எழுத்துருவை அழைக்கும் வரியில் ஸ்கிரிப்ட் என்பதற்கு நேரே தமிழ் என்று கொடுங்கள். ஸீலாடெக்குக்குப் பதில் லுவாலாடெக் எஞ்சின் என்றால் ரெண்டரர் என்பதற்கு ஹார்ஃப்பஸ் என்றும் கொடுக்க வேண்டும். உங்கள் ஊர்த் தேயிலைத் தோட்டத்தில் மேயும் காட்டுமாட்டுக்குக்கூடக் கொம்பு முன்னால்தான் இருக்கிறது, நம் ஆவணத்துக்கு என்ன வந்தது!

நிரல் துண்டுகளுக்கு வேறு எழுத்துரு என்பதையும் மறக்க வேண்டாம். அதற்குள் தமிழில் குறிப்பு எழுதியிருந்தால் அங்கேயும் தமிழ் உள்ள ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஊட்டி:
என் லேப்டாப்பில் சரியாக வருகிறது. அதே கோப்பை டாக்கர் (நிரலைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) உள்ளே ஓட்டினால் வெறும் கட்டம்.

உங்கள் லேப்டாப்பில் தமிழ் எழுத்துரு இருக்கிறது, கண்டெய்னர் என்னும் அந்த டாக்கர் பெட்டிக்குள் இல்லை. உள்ளே போய், எழுத்துருக்களைப் பட்டியலிடும் எஃப்சி-லிஸ்ட் கட்டளையில் தமிழ் மொழிக்கு என்று கேட்டுப் பாருங்கள், ஒன்றும் வராது. உள்ளே இருப்பது டெபியன் லினக்ஸ் என்றால் நோட்டோவின் அடிப்படைத் தொகுப்பை நிறுவினால் போதும். நான் செய்வது வேறு: எழுத்துருக் கோப்புகளைத் திட்டத்தின் கோப்புறையிலேயே போட்டு, அங்கிருந்தே எடுக்கச் சொல்லிவிடுவேன். நோட்டோவின் உரிமம் அதற்கு இடம் தருகிறது. விண்டோஸோடு வரும் லதா, நிர்மலா இரண்டையும் இப்படி எடுத்துப் போடக் கூடாது. போல்டு கோப்பையும் சேர்த்துப் போடுங்கள். இல்லாவிட்டால் சில கருவிகள் சாதாரண எழுத்தையே தடித்துக் காட்டும், தலைப்பெல்லாம் மை ஊறியது போல இருக்கும்.

குன்னூர், கல்லூரி மாணவி:
ஜாவா நிரலிலிருந்து ஜாவாடாக் கருவி எடுத்துத் தரும் ஆவணத்தில் தமிழுக்குப் பதில் தலையில் கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர் என்று வரிசையாக வருகிறது. எந்த ஃபான்ட் போடட்டும்?

எதுவும் போட வேண்டாம் கண்ணு, இது எழுத்துருவின் குற்றமே இல்லை. யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றேதான், அதைத்தான் மேல்நாட்டுக் குறியாக்கத்தில் படித்துக் கோடு போட்ட ஏ ஆக்கியிருக்கிறது. ஜாவாடாக்கை ஓட்டும்போது என்கோடிங் யூடிஎஃப்-8 என்று சொல்லுங்கள். ஜாவா 18இலிருந்து அதுவே இயல்பு, உங்களிடம் இருப்பது பழசாக இருக்கும். இப்படிக் குப்பையாக வந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். எல்லாம் கேள்விக்குறியாக வந்தால்தான் கவலை, எழுதும்போதே தமிழ் தொலைந்துவிட்டது என்று அர்த்தம்.

கூடலூர்:
பழைய சுற்றறிக்கைகளைப் புதுக் கையேட்டில் சேர்த்தேன். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது.

"தமிழ்" என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வருகிறதா? அப்படியானால் பாமினி. அது ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி போட்ட எழுத்துரு. யூனிகோடுக்கு மாற்றிவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள், பாமினியை நிறுவி ஒப்பேற்றாதீர்கள், தேடினால் ஒரு சொல்லும் கிடைக்காது.

ஊட்டி, சுலோகப் புத்தகம் தொகுப்பவர்:
சமஸ்கிருத ஒலிகளுக்குப் போடும் க², க³ சரியாக வருகிறது. க⁴ மட்டும் வேறு எழுத்துருவில் சின்னதாக வருகிறது.

நல்ல கண் உங்களுக்கு! மேலே ஏறிய 2, 3 இரண்டும் பழைய லத்தீன் தொகுப்பிலேயே உண்டு, பல எழுத்துருக்களில் இருக்கும். 4 யூனிகோடில் வேறொரு இடத்தில் இருக்கிறது, அதை விட்டுவிட்ட எழுத்துருக்கள் ஏராளம். அதனால் கருவி அதை மட்டும் பக்கத்து வீட்டில் கடன் வாங்குகிறது. மூன்றும் உள்ள எழுத்துருவுக்கு மாறுங்கள். முடியாவிட்டால் சாதாரண 2, 3, 4ஐயே மேலேற்றிப் போடுங்கள், மூன்றும் ஒரே மாதிரி இருக்கும்.

குன்னூர்:
முந்நூறு பக்கத்தையும் கண்ணால் பார்க்க முடியுமா மேடம்?

முடியாது, பார்த்தாலும் தப்பும். ஸீலாடெக் தன்னிடம் இல்லாத எழுத்தைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு, பதிவுக் கோப்பில் ஒரு வரி எழுதி வைக்கும். டிரேசிங்லாஸ்ட்சார்ஸ் (tracinglostchars) என்பதன் மதிப்பை 3 ஆக்குங்கள். லாடெக் கருவிகளின் தொகுப்பான டெக் லைவ் 2021இலிருந்து அது பிழையாகவே கத்தும். அப்புறம் ஸ்ரீ, க்ஷ, கௌ, னை, லை, ௹ எல்லாம் உள்ள ஒரு சோதனை வரியை முதல் பக்கத்தில் வைத்திருங்கள்.

கடைசியாக, அச்சுக்கு அனுப்பும் முன் பிடிஎஃப்ஃபான்ட்ஸ் கட்டளை. எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கிறதா என்பதை ஒரு பத்தியில் ஆம், இல்லை என்று காட்டும். உலர்த்தும் இயந்திரம் ஒன்றின் கையேட்டை, அதைப் பார்க்காமலே ஒரு முறை அனுப்பினேன். என் திரையில் அழகாக இருந்தது, ஏனென்றால் லதா என் கணினியில் இருந்தது, கோப்பில் இல்லை. அச்சகத்திலிருந்து 150 பிரதி வந்தது. "கையை உள்ளே விடாதீர்கள்" என்று இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கட்டங்கள். அதன் பின்பக்கங்களில்தான் இன்றும் வீட்டுக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.