கேள்வி பதில்: ஆற்றோரக் களஞ்சியங்கள்

தேவகோட்டை வாசகி: போலந்தின் கஜிமியெஷ் தோல்னி படத்தில், ஆற்றோரமாகப் பெரிய பெரிய கல் கட்டடங்கள். தானியக் களஞ்சியமாம். அந்தச் சின்ன ஊருக்கு எதற்கு இத்தனை?

ஊர்க்காரர்கள் சாப்பிட அல்ல. லுப்ளின் மேட்டுநிலத்து ரை என்னும் தானியம், கோதுமை எல்லாம் விஸ்துலா ஆற்றில் க்தான்ஸ்க் துறைமுகம் போய், அங்கிருந்து கப்பலேறின. அறுவடை கோடையில், குளிர்காலத்தில் ஆறு உறையும். பனி உருகி வெள்ளம் ஏறினால்தான் பாரப்படகு மணல்திட்டில் தட்டாது. அதுவரை தானியம் காத்திருக்க வேண்டும். ஈர நெல்லைக் குதிரில் கொட்டி மூடினால் சூடேறிப் பூசணம் பிடிக்குமே, அதே தொல்லைதான் அங்கும். ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டினால் தானியம் நெடுநாள் தாங்காது. ஆகவே மாடியில் பரப்பிக் காற்றாட விட்டு, அடிக்கடி புரட்ட வேண்டும். ‘கொமியெங்கா’ என்ற படகு ஒருவழிப் பயணத்துக்கே கட்டப்பட்டது. சரக்கு இறங்கியதும் பிரித்து மரமாக விற்றுவிடுவார்கள். கணக்குத் தெரிந்தவர்கள்!

கானாடுகாத்தான் வாசகர்: நம் செட்டிநாட்டு வளவு (உள்முற்றம்) வைத்த வீடு போல அங்கே உண்டா?

வளவு கிடையாது, பகட்டெல்லாம் முகப்பில். சந்தைச் சதுக்கத்தில் ப்ஷிபிவா சகோதரர்களின் இரட்டை வீடு, 1615-ஐச் சேர்ந்தது. நாம் கஜலட்சுமி வைக்கும் இடத்தில் அவர்கள் தத்தம் பெயர்ப் புனிதர்களைப் புடைப்புருவமாக வைத்தார்கள்: நிக்கலாஸ், கிறிஸ்டோபர். பின்னவர் குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆறு கடந்தவர். ஆற்று வியாபாரிக்கு அவரைவிடப் பொருத்தம் யார்?

காரைக்குடி வாசகர்: பிறகு அந்த ஊர் ஏன் நொடித்தது?

ஒரே காரணம் சொல்பவர்களை நம்பாதீர்கள். 1655-ல் தொடங்கிய ஸ்வீடன் போர் ஊரைச் சூறையாடியது. 1772-ல் அண்டை நாடுகள் போலந்தைப் பங்குபோட்ட பிரிவினையில் விஸ்துலாவின் கீழ்ப்பகுதி ஜெர்மானிய அரசான பிரஷ்யாவிடம் போக, சுங்கமே லாபத்தைத் தின்றது. போதாததற்கு ஆறும் தடம் மாறிக் களஞ்சியங்களை விட்டு விலகியது. பர்மா வியாபாரம் கைவிட்டதும் நம் செட்டிநாட்டு வீடுகள் நின்ற நிலை நினைவுக்கு வரலாம். ஆனால் அங்கே அதைவிடக் கொடியது பின்னால் வந்தது: ஊரில் சுமார் பாதிப்பேராக இருந்த யூதர்களை 1942-ல் நாஜிகள் கொண்டுபோய்க் கொன்றார்கள்.

பள்ளத்தூர் வாசகி: போய்ப் பார்க்க வழி?

ஊரில் ரயில் நிலையம் இல்லை. வார்சாவிலிருந்து புவாவி வரை ரயில், மீதி சுமார் 13 கி.மீ. பஸ். ‘கொஷெனியோவி தூவ்’ பள்ளத்தை விடாதீர்கள். இருபுறமும் மரவேர்கள் தொங்கும். பனியுகக் காற்று கொண்டுவந்து குவித்த வண்டல் அது. காய்ந்தால் சுவராக நிற்கும், நனைந்தால் சரியும்; வண்டித் தடத்தை மழை அறுத்தறுத்தே பள்ளமானது. மழை பெய்த மறுநாள் செருப்போடு இறங்க வேண்டாம். எதிர்க்கரை யானோவியெட்ஸ் கோட்டைக்குப் பயணப்படகு உண்டு. குளிர்காலத்திலும் தண்ணீர் வற்றினாலும் ஓடாது.