பவர் சரி, கண்ணாடி ஏன் ஒத்துவரவில்லை?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில் வாழ்கிறவர்கள் கண்ணைப் பாலக்காட்டில் காட்டிவிட்டுக் கண்ணாடியைப் பொள்ளாச்சியில் வாங்குவதும், கோவையில் எழுதிய சீட்டைக் கொழிஞ்சாம்பாறைக் கடையில் நீட்டுவதும் வழக்கம். சீட்டு ஓர் ஊரிலும் கடை வேறோர் ஊரிலுமாக இருப்பதால் எழும் ஐயங்களே இம்முறை மிகுதியாக வந்துள்ளன.

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் ஒரு கண்ணாடிக் கடையில் பயிற்சி பெறுகிறேன். கல்லூரி மாணவி ஒருவர் வேறு ஊரில் வாங்கிய புதுக் கண்ணாடியைக் கொண்டுவந்தார். இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 5.00, சிலிண்டர் (பார்வைக் கோணலைத் திருத்தும் பவர்) இல்லை. லென்ஸின் பவரை அளக்கும் லென்ஸ்மீட்டரில் பார்த்தேன், பவர் சீட்டில் உள்ளபடியே இருக்கிறது. ஆனால் கரும்பலகையையும் பேருந்துப் பலகையையும் பார்த்தால் தலை வலிக்கிறது என்கிறார். பவர் சரியாக இருக்கும்போது அவருக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: பவரைப் பார்த்ததோடு நிறுத்தாமல், அந்த லென்ஸ்களின் ஒளியியல் மையங்கள், அதாவது ஒளி விலகாமல் நேராகச் செல்லும் புள்ளிகள், எங்கே விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். லென்ஸ்மீட்டரிலேயே இரு மையங்களுக்கும் புள்ளி வைத்து, அவற்றுக்கு இடையிலான தொலைவை அளவுகோலால் அளந்து, மாணவியின் கண்மணி இடைவெளியோடு, அதாவது நாம் பி.டி. என்று சொல்லும் அளவோடு, ஒப்பிட வேண்டும். அவருடைய பி.டி. 60 மில்லிமீட்டர், லென்ஸ் மையங்களின் இடைவெளி 68 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கண்ணுக்கும் 4 மில்லிமீட்டர், அதாவது 0.4 சென்டிமீட்டர் விலகல். விலகலைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பவரால் பெருக்கினால் கிடைப்பது ப்ரிசம் டயாப்டர், அதாவது லென்ஸ் ஒளியை ஒரு பக்கமாகத் திருப்பும் அளவு. இதுதான் பிரென்டிஸ் விதி. 0.4 பெருக்கல் 5, ஒரு கண்ணுக்கு 2. இரு கண்ணுக்கும் சேர்த்து 4 ப்ரிசம் டயாப்டர். ஒரு ப்ரிசம் டயாப்டர் என்பது 1 மீட்டர் தொலைவில் ஒளியை 1 சென்டிமீட்டர் விலக்கும் அளவு.

இது எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது இன்னும் முக்கியமானது. மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிந்து ஓரத்தில் தடித்திருக்கும். மையங்கள் கண்மணிகளைவிட அகலமாக விழுந்துவிட்டால், கண் மூக்குப் பக்கத் தடிப்பின் வழியாகப் பார்க்கிறது. அடிப்பகுதி, அதாவது தடித்த பக்கம், மூக்கை நோக்கிய ப்ரிசம் உண்டாகிறது. இரண்டு கண்களும் வெளிப்புறமாக விலகினால்தான் பொருள் ஒன்றாகத் தெரியும். தூரப் பார்வையில் கண்கள் அவ்வாறு விலகும் திறன் மிகக் குறைவு. ஆகவே தொலைவில் பார்க்கும்போது தலை வலிக்கிறது என்று அந்த மாணவி சொன்னது, நோய்க்குறியைத் துல்லியமாகச் சொல்லியதற்குச் சமம். மைனஸ் 1.00 உள்ளவருக்கு இதே 4 மில்லிமீட்டர் தவறு நேர்ந்திருந்தால் அவர் அநேகமாக உணர்ந்திருக்கவே மாட்டார். பவர் ஏற ஏற, மையம் விலகினால் கண் பொறுத்துக்கொள்ளும் அளவு குறைகிறது.

இந்தத் தவறு பெரும்பாலும் ஃபிரேமைத் தேர்ந்தெடுக்கும்போதே தொடங்குகிறது. ஃபிரேமின் உட்புறத்தில் 54, 18, 140 என்று எழுதியிருந்தால், லென்ஸ் அகலம், மூக்குப் பாலம், காதுக் கம்பியின் நீளம் என்று பொருள். முதல் இரண்டையும் கூட்டினால் 72. பி.டி. 60 உள்ளவருக்கு ஒவ்வொரு லென்ஸையும் 6 மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் பொருத்த வேண்டும். அப்படித் தள்ளினால் வெளியோரம் இன்னும் தடிக்கும். அதிகப் பவர் உள்ளவருக்குக் கூட்டுத்தொகை பி.டி.க்கு அருகில் வரும் சிறிய ஃபிரேமைக் காட்டுவது கடைக்காரரின் கடமை என்றே நான் கருதுகிறேன்.

பி.டி. அளக்கும் முறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளருக்கு எதிரே, அவர் கண் மட்டத்தில், சுமார் 40 சென்டிமீட்டர் தள்ளி உட்காருங்கள். உங்கள் வலக்கண்ணை மூடி, உங்கள் இடக்கண்ணைப் பார்க்கச் சொல்லி, அவருடைய வலக் கருவிழியின் வெளியோரத்தில் அளவுகோலின் பூச்சியத்தை வையுங்கள். அளவுகோல் அசையாமல், உங்கள் இடக்கண்ணை மூடி வலக்கண்ணைத் திறந்து, இப்போது அதைப் பார்க்கச் சொல்லி, அவருடைய இடக் கருவிழியின் உள்ளோரத்தில் வரும் எண்ணைப் படியுங்கள். அதுவே தூரப் பார்வைக்கான பி.டி. ஒரே கண்ணால் இரண்டு பக்கமும் படித்தால் அளவு குறைவாக வரும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் பவர் படிப்படியாக மாறும் புரோகிரசிவ் லென்ஸுக்கு இது போதாது. மூக்கின் நடுவிலிருந்து ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனி அளவும், கண்மணியின் உயரமும், அந்த ஃபிரேமையே மாட்டிப் பார்த்துக் குறிக்கப்பட வேண்டும்.

கேள்வி: என் வலக்கண்ணுக்குப் பாலக்காட்டுச் சீட்டில் பிளஸ் 1.00, சிலிண்டர் மைனஸ் 0.50, ஆக்சிஸ் (சிலிண்டரை வைக்கும் கோணம்) 180 என்று உள்ளது. கோவையில் பிளஸ் 0.50, சிலிண்டர் பிளஸ் 0.50, ஆக்சிஸ் 90 என்கிறார்கள். எதை நம்புவது? (வண்டித்தாவளம் வாசகர்)

பதில்: இரண்டும் ஒன்றே. முதல் எண்ணோடு சிலிண்டரைக் கூட்டி, சிலிண்டரின் குறியை மாற்றி, ஆக்சிஸை 90 பாகை திருப்பினால் ஒன்று மற்றொன்றாகிவிடும். இரு முறையிலும் எழுதுகிறவர்கள் உண்டு. பயிற்சி பெறுகிறவர்கள் இதை மனக்கணக்காகவே செய்யப் பழக வேண்டும். ஆக்சிஸ் எண்ணுக்கு மேல் பாகைக் குறியான சிறு வட்டத்தைப் போடாதீர்கள். 18 என்பது 180 ஆகப் படிக்கப்பட்டுவிடும். ஆக்சிஸ் 30 பாகை தவறினால், சிலிண்டர் போடாமல் விட்டபோது இருந்த அளவுக்கே பார்வைக் கோணல் மிஞ்சும்.

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு மைனஸ் 1.75. ஒளிவிலகல் எண் 1.67 உள்ள மெல்லிய லென்ஸும், நீல ஒளியைத் தடுக்கும் புளூ கட்டும் போட்டே ஆக வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். செலவு செய்யலாமா? (வேலந்தாவளம் வாசகர்)

பதில்: இரண்டுக்கும் அவசியமில்லை. 48 மில்லிமீட்டர் விட்டமுள்ள லென்ஸில், சி.ஆர். 39 என்ற சாதாரணப் பிளாஸ்டிக்கில் மைனஸ் 1.75 போட்டால் ஓரம் நடுவைவிட ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடித்திருக்கும், 1.67-இல் அது 0.75 மில்லிமீட்டர். கால் மில்லிமீட்டருக்காக அவ்வளவு பணம் கொடுக்க வேண்டியதில்லை. மைனஸ் 6.00 என்றால் வேறுபாடு 0.9 மில்லிமீட்டர் வரும், அப்போது யோசிக்கலாம். மேலும் ஒளிவிலகல் எண் கூடும்போது, நிறப்பிரிகையைக் குறிக்கும் ஆபே எண் பொதுவாகக் குறைகிறது: சி.ஆர். 39-க்கு 58, 1.67-க்கு 32. இது குறைந்தால் ஓரப் பார்வையில் நிறக்கோடுகள் தெரியலாம். புளூ கட் லென்ஸைப் பொறுத்தவரை, 2023-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, கணினித் திரையால் வரும் கண் சோர்வைச் சாதாரண லென்ஸைவிட அது குறைப்பதாகத் தெரியவில்லை என்றே கூறியது.

விளையாடும் பையனுக்கு நான் பணம் செலவிடச் சொல்வது பாலிகார்பனேட் அல்லது டிரைவெக்ஸ் என்ற உறுதியான பிளாஸ்டிக் லென்ஸுக்கு. அடிபட்டால் எளிதில் உடைந்து கண்ணில் சிதறாது. பாலிகார்பனேட்டின் ஆபே எண்ணும் 30 அளவில்தான் இருக்கிறது, ஆனால் 1.75 பவரில் அதன் பாதிப்பு மிகச் சிறியது, பாதுகாப்போ பெரியது. அது எளிதில் கீறும் என்பதால் கீறல் தடுப்புப் பூச்சு கட்டாயம். பாலக்காட்டுக் கணவாயின் காற்றுக் காலத்தில் லென்ஸில் படியும் புழுதியைச் சட்டையால் துடைக்காமல், முதலில் தண்ணீரில் கழுவப் பழக்குங்கள்.

கேள்வி: மீனாட்சிபுரத்தில், கேரளப் பக்கம் வசிக்கிறேன். பொள்ளாச்சியில் வாங்கிய கண்ணாடியில் ஆக்சிஸ் தவறு என்று வேறொரு கடையில் அளந்து சொன்னார்கள். வாங்கிய கடையில், லென்ஸை வெட்டிவிட்டால் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள். எல்லை தாண்டி வழக்குப் போட முடியுமா?

பதில்: எல்லை தாண்ட வேண்டியதே இல்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். உங்களுக்கு அது பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை. 2 ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். குறையுள்ள பொருளை, ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதை அதே சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. லென்ஸை வெட்டிவிட்டோம் என்பது, சீட்டிலுள்ளபடி செய்யப்படாத லென்ஸுக்குச் சமாதானம் ஆகாது. ஆனால் சீட்டே தவறாக எழுதப்பட்டிருந்தால் கடைக்காரரைக் குறை சொல்ல இயலாது. எனவே மூலச் சீட்டையும் அளவீட்டையும் முதலில் ஒப்பிடுங்கள்.

அந்த இரண்டாம் கடையில் அளவீட்டைத் தேதியிட்டு எழுதி வாங்கிக்கொண்டு, விற்ற கடைக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். ரசீதில் உள்ள ஜி.எஸ்.டி. எண் 33 என்று தொடங்கினால் கடை தமிழ்நாட்டுப் பதிவு, 32 என்றால் கேரளப் பதிவு. எதிர்த்தரப்பின் முகவரியை எழுத இது உதவும். அடுத்த முறை வாங்கும்போது லென்ஸின் வகை, ஒளிவிலகல் எண், பூச்சு, பவர், ஆக்சிஸ், பி.டி. ஆகிய அனைத்தையும் ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.