டீச்சரைக் கேளுங்கள்: கேஸ் இருக்க விறகு எதற்கு?

கே: டீச்சர், போன மாதம் என் கணவரின் பூர்வீக ஊருக்கு, சிவகங்கைப் பக்கம், போய் வந்தோம். பெரியம்மா வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கிறது. அதன்மேல் துணியைப் போர்த்தி வைத்துவிட்டு, கொல்லைக் கொட்டகையில் விறகு வைத்துச் சமைக்கிறார்கள், கண்ணைக் கசக்கிக்கொண்டே! இதை அறியாமை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?
- வாசகி, பட்டர்வொர்த்

ப: ஒரு கேள்வி நான் கேட்கிறேன். நீங்கள் போய் இறங்கிய அன்று காபி எதில் போட்டார்கள்? கேஸில்தான் போட்டிருப்பார்கள். விருந்தாளிக்கும் விடிகாலைத் தேநீருக்கும் மழை நாளுக்கும் கேஸ். சோறு வடிக்க, வெந்நீர் போட, மாட்டுக்குக் கஞ்சி காய்ச்ச விறகு. பெரியம்மா நன்றாகக் கணக்குத் தெரிந்தவர்.

இங்கே மலேசியாவில் நமக்கு 14 கிலோ கேஸ் தோம்பு 26 வெள்ளி 60 காசு. போன் போட்டால் வாசலுக்கு வந்துவிடும். இந்தியாவில் ஏழை வீட்டுப் பெண்கள் பெயரில் கேஸ் இணைப்புக் கொடுக்கும் உஜ்வலா திட்டம் 2016 மே மாதம் உத்தரப்பிரதேசத்தின் பல்லியாவில் தொடங்கியது. முன்பணம் கட்டாமல் இணைப்பு வந்துவிடும். தீர்ந்தபின் வாங்கும் சிலிண்டர் கைக்காசில்தான். 2022-இல் 14.2 கிலோ சிலிண்டர் ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. உஜ்வலா வீடுகளுக்கு மானியம் முதலில் 200, அடுத்த ஆண்டு 300 ரூபாய் என்று வந்தது. ஆனால் முழுப் பணத்தையும் முதலில் கட்ட வேண்டும், மானியம் பிறகு வங்கிக் கணக்கில் ஏறும். அன்றாடக் கூலி வாங்கும் வீட்டில் அத்தனை ரூபாய் ஒரே நாளில் கையில் இருக்குமா? சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலம் வேலிக்கு வேலி நிற்கிறது. வெட்ட வெட்டத் துளிர்க்கும். முள் குத்தும், முதுகு வலிக்கும், காசு கேட்காது.

சரி, கண்ணைக் கசக்கினார்கள் என்றீர்களே, அதை நான் லேசாக விட மாட்டேன். நான் நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள். மறுநடவுக்கு வெட்டிய பால்மரத்தை அப்பா ஞாயிற்றுக்கிழமை பிளந்து போடுவார். காய்வதற்குள் எங்கள் வீட்டில் எடுத்து எரித்துவிடுவோம். பச்சைக் கொள்ளியின் இந்தப் பக்கம் தீ எரியும், அந்த முனையில் பால் நுரைத்து வடியும். ரப்பர் கருகும் அந்த நாற்றம் இன்றும் மூக்கில் இருக்கிறது. புதிதாக வெட்டிய மரத்தில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். தீ முதலில் அதைக் காய்ச்சித் தீர்க்க வேண்டும், அப்புறம்தான் சோற்றுப் பானைக்கு வரும். அதுவரை புகைதான். மூன்று கல் அடுப்பில் நன்றாகக் காய்ந்த விறகை வைத்தாலும், நூறு பங்கு சூட்டில் பத்திலிருந்து இருபதுதான் பானைக்குப் போகிறது.

அம்மாவுக்கு அறுபது வயதில் மூச்சிழுப்பு வந்தது. டாக்டர் எடுத்த எடுப்பில், “பாட்டி, சிகரெட் பிடிப்பீங்களா?” என்றார். அம்மாவுக்கு வந்த கோபம் இருக்கிறதே! வெற்றிலைகூடப் போடாதவர். அப்புறம் டாக்டரே, “சின்ன வயசுல எதுல சமைச்சீங்க?” என்று கேட்டார். அம்மா உதட்டருகே கையைக் குவித்து ஊதிக் காட்டினார். ஊதாங்குழல்.

2020-இல் மட்டும் வீட்டுப் புகையால் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் இரண்டு லட்சத்துக்கும் மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அடுப்பு ஊதும் தாயின் இடுப்பில் இருப்பது யார்? புகைமூட்டம் வந்தால் நாம் பள்ளிக்கூடத்தையே மூடுகிறோம். காற்றோட்டமில்லாத விறகு அடுப்பங்கரையில் அது தினம் மூன்று வேளை.

அடுத்த முறை போகும்போது பெரியம்மாவுக்குச் சேலை வேண்டாம். இரண்டு சிலிண்டருக்குப் பணம் கொடுத்துவிட்டு வாருங்கள். விறகைச் சிறிதாகப் பிளந்து, மழை படாமல் ஒரு பருவம் காயவைக்கச் சொல்லுங்கள். குழந்தைகள் கொட்டகைக்கு வெளியே இருக்கட்டும். புகைபோக்கி வைத்த அடுப்பு கட்டித் தருகிறேன் என்று கிளம்பாதீர்கள். கரி அடைத்த புகைபோக்கியை யார் ஏறித் துடைப்பார்கள்?

கே: விறகில் சமைத்தால்தான் ருசி என்கிறார் மாமியார். அடுக்குமாடியில் பின்பக்க நடைபாதையில் கரி அடுப்பு வைக்கலாமா?
- வாசகி, செந்தூல்

ப: கூடாது. கரி புகையாது, அதனால் நல்லது என்று நினைக்கிறீர்கள். மூடிய இடத்தில் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலை சுற்றி விழுந்தபின்தான் தெரியும். ருசி புகைவாசனையும் நின்று எரியும் தணலும் தருவது, மறுக்கவில்லை. பொங்கலுக்குக் கோயில் வளாகத்தில் பானை வையுங்கள். மாமியார் மனம் குளிரும்.

கே: கிராமத்தார் விறகு வெட்டுவதால்தானே காடு அழிகிறது?
- மாணவர், புக்கிட் மெர்தாஜாம்

ப: 1970-களில் நிபுணர்களும் அப்படித்தான் பயந்தார்கள். பிறகு கிராமங்களில் போய்ப் பார்த்தபோது, பெரும்பாலான வீடுகள் எரிப்பது உதிர்ந்த சுள்ளி, வேலிக் கிளை, தென்னை மட்டை, வரட்டி. காடு அதிகம் போவது விவசாயத்துக்கு நிலம் திருத்துவதில். ஆனால் ஆப்பிரிக்காவில் பட்டணங்களுக்குக் கரி சுடும் இடங்களில் காடு மெலிகிறது, அது உண்மை. கரியாக்கும்போது விறகின் எடையில் பெரும்பகுதி போய்விடும் அல்லவா?

அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பேராக்கில் கோலா செபெத்தாங்குக்குப் போய் வாருங்கள், நம் ஊரிலிருந்து தூரமில்லை. அங்கே மாத்தாங் சதுப்புநிலக் காட்டை முப்பது ஆண்டுச் சுற்றில் பகுதி பகுதியாக வெட்டி, மறுபடி வளரவிடுகிறார்கள். நூறு ஆண்டுக்கு மேலாக இந்த ஏற்பாடு நடக்கிறது. குவிந்த செங்கல் சூளைக்குள் பக்காவ் என்னும் சதுப்புநில மரத்தின் கட்டைகளை நிறுத்தி அடுக்கி, வாயில் மெல்லத் தீயை வைத்து வாரக்கணக்கில் வேகவிடுகிறார்கள். புகையின் வாசனையை வைத்தே உள்ளே எந்தப் பதம் என்று சொல்லும் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்தில் சூளைப் பக்கம் நிற்க முடியாது.