கையைக் கட்டிக்கொள்ளத் தெரிந்தால் வாருங்கள்

கோவையிலிருந்து கனடாவின் ஸ்கார்பரோ வந்து ஆறு மாதம், கருவிகளுக்குள் ஓடும் மென்பொருள் எழுதும் எம்பெடட் துறையில் பத்து வருடம். பிள்ளைகளின் ரோபாட்டிக்ஸ் கிளப்பில் வழிகாட்டியாகப் போனால் 'கனேடிய அனுபவம்' ஆகுமா, பத்து வயது மகனைச் சேர்க்கலாமா, குளிருக்கு எந்த ஜாக்கெட் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. ரெஸ்யூமேயில் ஒரு வரி ஏறும். அதை வைத்து யாரும் வேலை கொடுத்துவிட மாட்டார்கள். ஜாக்கெட்டுக்கு வேறு ஆள் பாருங்கள். கிளப்புக்கு வருவோம்.

முதலில் போலீஸ் சான்று. சிறுவர்களோடு பழகும் தன்னார்வலரிடம் இங்கே 'வல்னரபிள் செக்டர் செக்' என்ற கூடுதல் போலீஸ் சோதனை கேட்பார்கள். மன்னிப்புப் பெற்ற பழைய பாலியல் குற்றவாளி ஒருவரோடு உங்கள் பிறந்த தேதியும் பாலினமும் ஒத்துப்போனால் கைரேகையும் கேட்பார்கள். பதற வேண்டாம், நாள் இழுக்கும், அவ்வளவுதான். எந்தப் பிள்ளையோடும் தனியறையில் இருக்காதீர்கள். ஊர்ப் பாசத்தில் "நான் வீட்டில் இறக்கிவிடறேன்" என்று காரை எடுக்காதீர்கள். பிள்ளையின் போனுக்கு நேரே வாட்ஸப் அனுப்பாதீர்கள்.

மகனுக்கு, பிள்ளைகள் அணியாக லெகோ ரோபோ செய்து மோதும் ஃபர்ஸ்ட் லெகோ லீக் சேலஞ்ச் போட்டி சரியாக இருக்கும். இங்கே 9 முதல் 14 வயது, ஓர் அணிக்கு 10 பேர் வரை, இரண்டு பெரியவர்கள் கட்டாயம். ரோபோ ஆட்டம் இரண்டரை நிமிடம்தான். ஆனால் நம் அப்பாக்கள் அந்த இரண்டரை நிமிடத்துக்காக லேப்டாப்பை வீட்டுக்குத் தூக்கிப்போய் இரவெல்லாம் புரோகிராமுக்கு 'பாலிஷ்' போடுவார்கள். மறுவாரம் நடுவர் "மோட்டாரின் 12 பல் கியரை ஏன் 36 பல்லோடு கோத்தாய்?" என்பார். பிள்ளை அப்பா முகத்தைப் பார்க்கும். அங்கேயே மதிப்பெண் போச்சு. வேகம் மூன்றில் ஒன்றாகி, தூக்கும் பலம் மூன்று மடங்காகும் என்பதைக் கையால் சுற்றிப் பார்த்த பிள்ளை தானே சொல்லும்.

உங்களை மாதிரி ஆட்கள் தடுமாறும் இடமும் அதுதான். ரோபோ கோணலாகப் போகும், உங்கள் கை துறுதுறுக்கும். தொடாதீர்கள், கேள்வி கேளுங்கள். ரோபோவின் மூளையான ஹப்பை ஆன் செய்தபோது யாராவது அசைத்தார்களா? அசைத்தால், திரும்பும் கோணத்தை அளக்கும் கைரோ தப்பாகத் தொடங்கி, ஒவ்வொரு திருப்பத்திலும் பிசகும். சக்கரத்தில் தூசியா? ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். 'இரண்டு விநாடி ஓடு' என்று எழுதியிருக்கிறார்களா? சார்ஜ் இறங்கினால் தூரம் மாறும். லெகோவின் ஸ்பைக் பிரைம் கிட்டில் உள்ள 56 மில்லிமீட்டர் சக்கரம் ஒரு சுற்றுக்கு 17.6 சென்டிமீட்டர் போகும். 90 சென்டிமீட்டருக்கு எத்தனை டிகிரி என்று காகிதத்தில் கணக்குப் போடட்டும், ஏறக்குறைய 1,841 வரும். பத்து நிமிடம் ஆகும், ஆகட்டும்.

நூலகத்தில் செய்முறை காட்டப் போனால் ஒரு கிட்டுக்கு நாலு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம்; ஐந்தாவது பிள்ளை நாற்காலியைச் சுழற்றிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ஹப்புக்கும் செயலியில் ஒரு பெயர் கொடுத்து, அதே பெயரை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் ப்ளூடூத்தில் இந்த மேசைக்காரர் அழுத்த, அந்த மேசை ரோபோ கீழே குதிக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றுங்கள். பெண்பிள்ளைக்குப் போஸ்டர், பையனுக்குப் புரோகிராம் என்று பிரிப்பதில் நம்மவர்களை மிஞ்ச ஆளில்லை. எனக்கு எரிச்சலே அங்கேதான். ஒன்டாரியோவில் உயர்நிலைப் பள்ளி முடிக்க 40 மணி நேரச் சமூகப் பணி வேண்டும். உயர்நிலைப் பள்ளிகளின் பெரிய ரோபோ அணிகளில் இருக்கும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளை அதற்காகக் கூப்பிடுங்கள். உங்களையும் என்னையும்விட அவர்கள் சொன்னால் சின்னதுகளுக்கு ஏறும். எத்தனை மணி நேரம் என்பதை அன்றன்றே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

இப்போது எல்லாம் சுலபம். லெகோவின் பழைய மஞ்சள் நிற ஹப்பான ஆர்சிஎக்ஸ் காலத்தில் ஆறு ஏஏ பேட்டரி. மாற்றும்போது கை தாமதித்தால் அதை இயக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரே அழிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும். புரோகிராம் கணினியோடு இணைத்த சின்னக் கோபுரத்திலிருந்து அகச்சிவப்புக் கதிரில் போகும், சன்னல் வெயில் பட்டால் பாதியில் நின்றுவிடும். அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து நிழல் பிடித்தபடி ஏற்றுவார்கள், உள்ளே கோபுரமும் ரோபோவும் முகம் பார்த்தபடி இருக்கும்.

லெகோ லீக்கின் புதுச் சவால் ஆகஸ்டில் வரும். போலீஸ் சான்றுக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.