வாடகைக்கு இருப்பவரின் வாக்கு எங்கே?

கேள்வி: சொந்த இடம் யாழ்ப்பாணத்துக்கு அப்பால் உள்ள நெடுந்தீவு. பிள்ளைகளின் படிப்புக்காக மூன்று வருடமாக யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வாடகைக்கு இருக்கிறோம். "வாக்காளர் படிவத்தில உங்கட பேரைப் போட்டால் பிறகு எழும்ப மாட்டியள்" என்று வீட்டுக்காரர் மறுக்கிறார். தேர்தலையே ஒத்திவைக்கிற நாட்டில் இதற்காக அலையத்தான் வேண்டுமா?

பதில்: அலையுங்கள். முதலில் வீட்டுக்காரரின் பயத்தைப் போக்குங்கள். வாக்காளர் இடாப்பு (வாக்காளர்களின் பெயர்ப் பதிவேடு) நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதைத்தான் காட்டும்; காணி உறுதி யாருடைய பெயரிலோ, வீடு அவருடையதே. அதற்கும் மசியாவிட்டால் வாடகை ஒப்பந்தத்தோடும் அடையாள அட்டையோடும் திருநெல்வேலி கிராம அலுவலரிடம் போய், உங்களைச் சேர்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். முன்பு பதிந்திருந்த இடம் நெடுந்தீவு என்பதையும் குறிப்பிடுங்கள்.

எனக்குக் கவலை நெடுந்தீவைப் பற்றித்தான். அங்கே வீடு பூட்டிக் கிடப்பதைக் கண்டால் உங்கள் பெயர் நீக்கத்துக்குப் போகும். இங்கே வீட்டுக்காரர் சேர்க்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் வாக்கு சத்தமில்லாமல் போய்விடும். ஆண்டுதோறும் திருத்தத்தின்போது கிராம அலுவலர் அலுவலகத்தில் இரண்டு பட்டியல்கள் வைப்பார்கள்: நீக்கப்படும் பெயர்கள் 'ஏ'யில், சேர்க்கப்படும் பெயர்கள் 'பீ'யில். பலர் 'பீ'யை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நெடுந்தீவின் 'ஏ'யை அங்குள்ள உறவினர் ஒருவரைக் கொண்டாவது பார்ப்பியுங்கள். குறித்த காலத்துக்குள் முறையிட்டால் திருத்தலாம். தேர்தல் அறிவித்த பிறகு ஓடிப் பயனில்லை; அத்தாட்சிப்படுத்திய இடாப்பில் உள்ளவருக்கே வாக்கு.

ஒத்திவைப்பு பற்றிய உங்கள் கோபம் நியாயமானது. 2023 மார்ச் 9ஆம் திகதி நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று நின்றது. அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்ததோ 2025 மே 6இல். 2013இல் தெரிவான வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் மாகாணம் ஆளுநர் கையில்.

தேர்தல் தள்ளிப்போனால் வழக்காவது போடலாம். இடாப்பில் பெயர் இல்லாதவருக்காக யார் வழக்காடுவது? மாவட்டத்துக்கு எத்தனை நாடாளுமன்ற ஆசனம் என்பதும் பதிந்த வாக்காளர் தொகையைப் பொறுத்ததே. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆசனங்கள், 2015இல் 7, 2024இல் 6. போரும் புலம்பெயர்வும் பெரிய காரணங்கள், உண்மைதான். ஆனால் இங்கேயே இருந்துகொண்டு பதியாமல் விடுகிறவரும் அந்தக் கணக்கில் இல்லாதவர்தான்.

தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்து, இப்போது எங்கே பதிவாகியிருக்கிறீர்கள் என்று இன்றே பாருங்கள். இன்னும் நெடுந்தீவில்தான் என்றால், திருநெல்வேலிப் பதிவு உறுதியாகும்வரை அதை நீக்கவிடாதீர்கள். இடையில் தேர்தல் வந்தால் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறியாவது வாக்களிக்கலாம்.