கிளியா செல்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நரம்பு மண்டலம் பற்றிய உங்கள் கட்டுரையில் கிளியா செல்களைப் பற்றி ஒரு வரி வந்தது. மூளையில் அவை நியூரான்கள் என்ற நரம்புச் செல்களைப்போலப் பத்து மடங்கு இருக்கின்றன, நியூரான்களைத் தாங்கிப் பிடிப்பதே அவற்றின் வேலை என்று படித்திருக்கிறேன். வெறுமே தாங்கிப் பிடிக்க இத்தனை செல்களா?

உயிரியல் மாணவி ஒருவர்

அன்புள்ள மாணவிக்கு,

நல்ல கேள்வி. முதலில் அந்தப் பத்து மடங்கு. 2009இல் நரம்பியல் ஆய்வாளர் சுசானா ஹெர்குலானோ-ஹவுசெல் குழுவினர் மூளைத் திசுவைக் கரைத்து, செல்களின் உட்கருக்களை எண்ணினார்கள். நியூரான்கள் சுமார் 8,600 கோடி. மற்ற எல்லாச் செல்களும் சேர்ந்தே ஏறக்குறைய 8,500 கோடிதான்.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு நியூரான் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை வெளிவிடுகிறது, அடுத்த நியூரான் தூண்டப்படுகிறது. பாடம் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடும். அப்புறம் அந்தக் குளூட்டமேட் என்ன ஆகிறது? அங்கேயே தேங்கினால் அடுத்த நியூரான் ஓயாமல் தூண்டப்பட்டு, உள்ளே கால்சியம் பெருகிச் செத்தே போகும். பக்கவாதத்தில் மூளைச் செல்கள் சாவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். ஒட்டி நிற்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற கிளியா செல்தான் அதை உடனுக்குடன் உறிஞ்சிக்கொள்கிறது. அதோடு விடுவதில்லை. நியூரானைத் தூண்டாத குளூட்டமினாக மாற்றித் திருப்பித் தருகிறது. நியூரான் அதிலிருந்து மறுபடி குளூட்டமேட் தயாரித்துக்கொள்ளும். நியூரானின் ஒவ்வொரு மின்துடிப்பின்போதும் வெளியே சேரும் பொட்டாசியத்தை அகற்றுவதும் ஆஸ்ட்ரோசைட்டின் பொறுப்பே. இத்தனையும் நடந்தால்தான் அடுத்த செய்தி தெளிவாகப் போய்ச் சேரும்.

நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மயலின் உறையும் கிளியாவின் கைவண்ணம்தான். மூளையிலும் தண்டுவடத்திலும் ஒலிகோடெண்ட்ரோசைட், அவற்றுக்கு வெளியே ஷ்வான் செல். உறையில்லாத மெல்லிய நரம்பிழையில் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஊரும் செய்தி, தடித்த உறையுள்ள இழையில் 100 மீட்டர்கூடப் பாயும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோயில் இந்த உறை சிதைவதால், நியூரான் உயிரோடு இருக்கும்போதே பார்வை மங்கலாம், கால் மரத்துப்போகலாம்.

மைக்ரோகிளியா தனிக் கதை. கருவின் மஞ்சட்கருப் பையில் தோன்றி மூளைக்குள் குடியேறும் பாதுகாப்புச் செல்கள் அவை. வளரும் மூளையில் நியூரான்களுக்கு இடையிலான இணைப்புகளான சினாப்ஸ்களில் தேவையற்றவற்றை விழுங்கி அகற்றவும் செய்கின்றன.

கற்றலில் கிளியாவுக்குப் பங்கே இல்லையா என்று நீங்கள் அடுத்துக் கேட்கலாம். 2013இல் வெளியான ஓர் ஆய்வை அவசியம் தேடிப் படியுங்கள். கிளியாவாக வளரக்கூடிய மனித முன்னோடிச் செல்களைப் பிறந்த எலிக்குட்டிகளின் மூளையில் செலுத்தி வளர்த்தார்கள். வளர்ந்த எலிகள் மற்ற எலிகளைவிட விரைவாகக் கற்றுக்கொண்டன. அவற்றின் நியூரான்கள் எலியுடையவையே, மாறியது கிளியா மட்டும்தான்.

அன்புடன்